துருவா, அரை அங்குலத் தகடா? மினியாபொலிஸ் பாலமும் அதன் மாற்றும்

தூண்காவலர்: பக்கத்து இழையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: "மிசிசிப்பி மேல் இருந்த மினியாபொலிஸ் எஃகுப் பாலம் துருப்பிடித்து விழுந்தது. அதனால்தான் கான்கிரீட்டில் மாற்றுப் பாலம் கட்டினார்கள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2007 ஆகஸ்ட் 1 அன்று 13 உயிர்கள் போனது துருவால் அல்ல. எஃகுச் சட்டங்கள் ஒன்றுகூடும் இடம்தான் கணு. யு-10 என்று எண்ணிட்ட கணுவில் அவற்றைச் சேர்த்துப் பிடித்த இணைப்புத் தகடு அரை அங்குலக் கனம்தான் இருந்தது. தேவையான கனத்தில் ஏறக்குறைய பாதி. 1960களில் கணக்குப் போட்டவர்களின் பிழை அது.

ஆற்றங்கரையான்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அரை அங்குலம் 40 ஆண்டுகள் தாங்கியதே, அது எப்படி? எல்-11 என்ற இன்னொரு கணுவில் துரு அரிப்பு இருந்ததை விசாரணைக் குழுவே எழுதியிருக்கிறது.

தூண்காவலர்: எழுதியது. இடிவு அங்கே தொடங்கவில்லை என்றும் எழுதியது. அந்த வரியை மட்டும் உங்கள் கண் தாண்டிப் போய்விடுகிறது. தளத்தின் மேல் பின்னாளில் கான்கிரீட் ஏற்றினார்கள். விழுந்த அன்று மராமத்துக்கான ஜல்லியும் மணலும் அந்தக் கணுவுக்கு அருகிலேயே குவிந்து கிடந்தன. 2003இல் எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தகட்டின் ஓரம் வளைந்திருப்பது தெரியும். துரு தின்றால் தகடு மெலியும். இது பாரம் தாங்காமல் பிதுங்கியது. அரை அங்குலம்!

முகில்: மாற்றுப் பாலத்தைப் பற்றியும் பேசலாமா? நான்கு பேர் விலைப்புள்ளி கொடுத்தார்கள், அதிகம் கேட்டவருக்கு ஒப்பந்தம் போனது. 11 மாதத்தில், 2008 செப்டம்பர் 18 அன்று திறந்தும் விட்டார்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

தூண்காவலர்: வடிவமைப்புக்கும் மதிப்பெண் போட்ட ஏலம் அது, விலையை மட்டும் பார்க்கவில்லை. மூடிக் கிடந்த சாலையிலேயே, குளிரில் சூடேற்றிய கொட்டகைகளில், ஆற்றைத் தாண்டும் நடுப் பகுதிக்கான 120 கான்கிரீட் துண்டுகளை வார்த்தார்கள். பல வேலைகள் ஒரே நேரத்தில் நடந்தன, அதனால் நாள் மிச்சமானது. பழையதில் ஒரு கணு போனால் எல்லாம் போகும். புதியது அருகருகே இரண்டு பாலங்கள், ஒவ்வொன்றிலும் உள்ளே வெற்றிடம் உள்ள இரண்டு பெட்டி உத்திரங்கள். அந்த அரை அங்குலத் தகட்டிலிருந்து கற்ற பாடம் இது.

ஆற்றங்கரையான்: ஆக, எஃகை விட்டுக் கான்கிரீட்டுக்குப் போனார்கள். நான் சொன்னதும் அதுதானே?

தூண்காவலர்: எஃகும் ஏலத்தில் அனுமதிக்கப்பட்ட பொருள்தான். தொங்கு பால இழையிலும் இப்படித்தான் சொன்னதை மாற்றிக்கொண்டு நழுவினீர்கள்.

ஆற்றங்கரையான்: அந்த இழையில் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனது நீங்கள். நான் பணித்தளத்தில் நின்று வேலை பார்த்தவன், புகைப்படம் பார்த்துப் பாலம் கற்றவன் அல்ல.

முகில்: 323 உணர்கருவிகள் பதித்தார்களே, அதைப் பற்றி யாராவது...

தூண்காவலர்: பிறகு பேசலாம். யு-10 படத்தில் துரு எங்கே இருக்கிறதென்று ஐயா வட்டமிட்டுக் காட்டட்டும். காத்திருக்கிறேன்.

ஆற்றங்கரையான்: முதலில் தொங்கு பாலக் கேள்விக்குப் பதில் வரட்டும்.

தூண்காவலர்: அரை அங்குலம்.