ஆகஸ்ட் 15 ஊர்வலத்தில் 14 நாய்களைக் கூட்டிப்போக என்னென்ன ஏற்பாடு வேணும்?

பாளைவாசி
அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை மகாராஜ நகர் பக்கம் எங்க குடியிருப்போர் சங்கத்துல சுதந்திர தினத்தன்னைக்குக் காலையில ஊர்வலம் போறோம். இந்த வருசம் நாய் வளக்குறவங்க எல்லாரும் ஒரே அணியா நடந்து வரலாம்னு முடிவு. நம்ம பக்கத்து நாட்டு நாய்களை சனங்க கிட்ட நின்னு பாக்கணும், அதுதான் நோக்கம். சிப்பிப்பாறை 4, கன்னி 2, ராஜபாளையம் 2, லேப்ரடார் 3, பொமரேனியன் 2, பக் 1. தூரம் ஒன்றரை கிலோமீட்டர். 8 மணிக்குக் கொடியேத்திட்டுக் கிளம்புற மாதிரி திட்டம், முன்னால நையாண்டி மேளம் உண்டு. இன்னும் ஏழு வாரம் இருக்கு. எந்த நாயை எங்க விடணும், பட்டை எது போடணும், வெயிலுக்கு என்ன செய்யணும்? எல்லாத்துக்கும் மூவர்ணத்துல சட்டை தைக்கலாம்னு சிலர் சொல்லுதாங்க. அது சரிவருமா?

வாய்க்கால்பாலம்
ஒன்றரை கிலோமீட்டர் நடக்கிறது எந்த நாய்க்கும் பெரிய வேலை இல்ல. இருபது, இருபத்தஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும். சிக்கல் வாரது கிளம்புறதுக்கு முன்னால நிக்கிற நேரத்துல. 8 மணின்னா 8:40 ஆவும், பேச்சு நீளும், மிட்டாய் குடுப்பாங்க. அந்த முக்கா மணி நேரமும் 14 நாயும் ஒண்ணுக்கொண்ணு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னா சண்டை அங்கேயே ஆரம்பிச்சிரும். அதனால கொடியேத்துற இடத்துக்கு நாய்களைக் கொண்டு போகாதீங்க. ஊர்வலம் போற தெருவுக்குப் பக்கத்துச் சந்துல, மர நிழல்ல, ஆளுக்குப் பத்தடி தள்ளி நிக்கட்டும். ஊர்வலத்தோட வால் தாண்டினதும் ஒருத்தர் போன் பண்ணணும், அப்ப வந்து கடைசியாச் சேந்துக்கலாம். முடியிற இடத்துலயும் நிக்க வேண்டாம், நேரா வண்டிக்குப் போயிருங்க.

மேளத்துக்கும் உங்களுக்கும் நடுவுல குறைஞ்சது 40 மீட்டர் இருக்கணும். பள்ளிக்கூடப் பிள்ளைங்க நடுவுல வந்தா நல்லது. ஆனா அவுங்க கையில பலூன் வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிருங்க. பலூன் வெடிக்கிற சத்தம் நாய்க்கு மேளத்தை விட மோசம், எப்ப வரும்னே அதுக்குத் தெரியாது. பேனரும் அப்படித்தான். ஆடிக் காத்து அந்தச் சமயத்துல ஓஞ்சிருக்காது. பிளக்ஸை ரெண்டு கம்புல கட்டித் தூக்கினா படபடன்னு அடிக்கும், பின்னால வார நாய் பதுங்கும். அணியோட பேரை ஒரு சின்ன அட்டைப் பலகையில எழுதி ஒருத்தர் பிடிச்சாப் போதும்.

ஒரு நாய்க்கு ஒரு ஆள், அதுவும் பெரிய ஆள். சின்னப் பையன் கையில கயிறு வேண்டாம். அதுக்கு மேல மூணு பேரு கை வீசி வரணும்: ஒருத்தர் தண்ணி, ஒருத்தர் பழைய பேப்பரும் கவரும் மண்வாளியும், ஒருத்தர் யாருக்காவது கை மாத்தி விட. ரெண்டு வரிசையா நடங்க, ஆனா சோடி சோடியா வேண்டாம். இடது வரிசை நாய்க்கு நேரா வலது வரிசையில ஆள் இல்லாத இடம் வரட்டும். முன்னால போற நாய்க்கும் பின்னால வாரதுக்கும் மூணு மீட்டர் விடுங்க. சின்ன நாயை முன்னால விட்டா நடையோட வேகம் மட்டாகும், பெரிய நாய் தானா அடங்கி வரும்.

பக் வேண்டாம். மூக்கு சப்பையா இருக்கிற நாய்க்கு மூச்சு விட்டு உடம்பைக் குளுத்திக்கிற வசதி குறைவு. ரொம்ப ஆசைன்னா ஆட்டோவுல மடியில வச்சுக் கூட்டிட்டு வாங்க.

கரிசல்கன்னி
மேல சொன்னது எல்லாம் சரி, சின்ன நாயை முன்னால விடுறதை மட்டும் மாத்திக்கோங்க. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பழகின சாதி. கண்ணு முன்னால வெள்ளையா, குட்டையா ஒரு பொமரேனியன் துள்ளித் துள்ளிப் போச்சுன்னா அவ்வளவு நேரமும் அதையே பாத்துக்கிட்டு வரும். எங்கேயோ ஒரு வெடிச் சத்தம் கேட்டா, எகிறிரும். அந்த ஆறையும் முன்னால விடுங்க, அதுக்குப் பின்னால லேப்ரடார் மூணு, அடுத்து ராஜபாளையம், கடைசியில பொமரேனியன். வேகத்துக்கு முதல் வரிசையில நிதானமா நடக்கிற ஆளாப் போட்டாப் போதும்.

பட்டை விசயத்துலதான் இந்த ரெண்டு சாதியும் ஏமாத்தும். தலை ஒடுக்கம், கழுத்து அதை விடத் தடிமன். சாதா பெல்ட்டைக் கழுத்துல எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், நாய் பின்னால வாங்கினா காது மடங்கி, பெல்ட் உருவிக்கிட்டு வந்துரும். ரெண்டு அங்குல அகலப் பட்டை, இழுத்தா ஒரு அளவு வரை இறுகி, விட்டாத் தளருற மாதிரி, அதுக்கு மார்ட்டிங்கேல்னு பேரு, அதை வாங்குங்க. கூடவே நெஞ்சுப்பட்டையும் போட்டு, ரெண்டுக்கும் கொக்கி மாட்டுங்க. ஒண்ணு உருவினாலும் இன்னொண்ணு பிடிக்கும். வீட்டுல வச்சே சோதிச்சிருங்க: நாய்க்கு நேரே நின்னு கயிறை மெதுவா உங்க பக்கம் இழுங்க, அது பின்னால போகும். அப்பப் பட்டை காதைத் தாண்டுச்சுன்னா ஒரு துளை இறுக்கணும்.

கயிறு ஒன்றரை மீட்டர், தட்டையான நைலான் இல்லன்னா தோல், ஒரு அங்குல அகலம். இரும்புச் சங்கிலி கையை அறுத்துரும். பட்டனை அமுக்கினா நீளுற கயிறு ஊர்வலத்துக்கு ஆகவே ஆகாது. கொக்கியோட ஸ்பிரிங்கைக் கட்டை விரலால நாலு தடவை அமுக்கிப் பாருங்க, தளர்ந்து திரும்பினா மாத்திருங்க. கயிறைக் கையில சுத்திக்காதீங்க. வளையத்துக்குள்ள பெருவிரலை விட்டு மடக்கிப் பிடிங்க, மறு கை கயிறோட நடுவுல இருக்கட்டும்.

ராஜபாளையத்துக்கு ஒரு தனிக் கவனம் வேணும். அந்த வெள்ளைச் சாதியில பிறவிக் காது மந்தம் கொஞ்சம் அதிகம். முதுகுக்குப் பின்னால பாத்திரத்தைத் தட்டி, திரும்புதான்னு பாத்துக்கோங்க. காது கேக்காத நாய்க்கு மேளம் தொந்தரவே இல்ல. ஆனா யாராவது பின்னாலேருந்து தடவினா திடுக்கிட்டுக் கடிச்சிரும். சாதாரணமாவே வேத்தாள் தொடுறதை ராஜபாளையம் விரும்பாது. அது பக்கத்துல ஒரு ஆளை மறிச்சு விடுங்க. வாய்க்கூடு போடுறதுன்னா கூடை மாதிரி இருக்கிறது, உள்ளயே வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப் போட முடியணும். துணியில வாயைச் சேத்துக் கட்டுறது வெயில்ல உயிருக்கே ஆபத்து.

மருந்துப்பெட்டி
நாள் கணக்குல முதல்ல பாக்க வேண்டியது தடுப்பூசி. வெறிநாய்க்கடி ஊசி போட்டு ஒரு மாசம் ஆகியிருக்கணும், ஒரு வருசம் தாண்டியிருக்கக் கூடாது. ஏழு வாரம் இருக்கிறதால விட்டுப்போன நாய்க்கு இந்த வாரமே போட்டா நேரம் சரியா இருக்கும். சான்றிதழ் நகல் 14-ம் ஒரே கவர்ல அணித் தலைவர் கையில இருக்கணும். இருமல் இருக்கிற நாய், சூட்டுல, அதாவது இணை சேருற பருவத்துல இருக்கிற பெட்டை, ரெண்டும் வரக்கூடாது. பெட்டைக்குச் சூடு ஏறக்குறைய மூணு வாரம் இருக்கும். ரத்தம் நின்னுட்டுதேன்னு கூட்டிட்டு வந்தாங்கன்னா கிடா நாய் அத்தனையும் அடிச்சுக்கும், ரத்தம் குறையிற சமயம்தான் அது இணையத் தயாரா இருக்கிற சமயம்.

சாப்பாடு முந்தின நாள் ராத்திரியோட சரி. வயிறு நிறையச் சாப்பிட்டு ஓடினா பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கிற அபாயம் உண்டு. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா, கால் மணிக்கு ஒரு தடவை காட்டுங்க. 20 லிட்டர் கேன் ரெண்டு வேணும், ஒண்ணு குடிக்க, ஒண்ணு மேல ஊத்த. கிண்ணம் நாய்க்கு ஒண்ணு தனித்தனியா. பொதுவா ஒரு வாளி வச்சா, சண்டை அங்கேருந்துதான் வரும்.

புறங்கையைத் தார் மேல ஏழு விநாடி வச்சுப் பாருங்க, வைக்க முடியலைன்னா நாயும் நடக்க முடியாது. ஆகஸ்டுல காலை 8 மணிக்குத் தாங்கும். 10 மணிக்குத் தார் ரோடு சுட்டுரும். பாதத்துல தேங்காய் எண்ணெய் தடவாதீங்க, பொடிக்கல்லும் தூசியும் ஒட்டிக்கிட்டு வரும். முதல்ல சோர்றது கறுப்பு லேப்ரடார், அதுலயும் எடை கூடினது. நாக்கு வெளியே அகலமாத் தொங்கி, நுனி கரண்டி மாதிரி விரிஞ்சு, எச்சில் கெட்டியா நூல் விட்டு, ஈறு செங்கல் நிறத்துக்கு வந்தா அந்த நிமிசமே ஒதுக்கிருங்க. நாயோட சாதாரணச் சூடு 101-லேருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட். 104 தாண்டினா நடை நிக்கணும். 106 கிட்டப் போனா உயிர் போராட்டம். குழாய்த் தண்ணியை உடம்பு பூரா, தொடை இடுக்கும் வயிறும் நனையும்படி ஊத்திக்கிட்டே விசிறுங்க, அப்புறம் வண்டியில ஏத்துங்க. ஈரத் துணியை மேல போத்தி அப்படியே விட்டுராதீங்க, கொஞ்ச நேரத்துல அதுவே சூட்டை உள்ள அடைச்சிரும்.

அன்னைக்கு அரசு விடுமுறை. எந்த டாக்டர் இருப்பாருன்னு முந்தின வாரமே கேட்டு நம்பர் வாங்கி வைங்க. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலயும் விடுமுறை நாள் ஏற்பாட்டைக் கேட்டுக்கோங்க.

மாலை போடுறவங்க அரளியைக் கிட்டயே கொண்டு வரக்கூடாது. இலை, பூ எல்லாமே இதயத்தை நிறுத்துற விஷம், நாய் கடிச்சு மென்னுரும். லட்டுல கிடக்கிற உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், அல்வாவுல இருக்கிற நெய் கணையத்தைப் புண்ணாக்கும். ஆசையா நீட்டுறவங்களை மரியாதையா மறுத்துருங்க. பிஸ்கட்டை ரோட்டுல வீசுறவங்களையும்தான்.

பாளைவாசி
ரொம்ப நன்றி. பக் ஆட்டோவுல வரும்னு பேசி முடிச்சாச்சு. கடைசி முன்னூறு மீட்டர்ல ரெண்டு கோழிக்கடை இருக்கு, அங்க தெரு நாய் ஏழெட்டு எப்பவும் கிடக்கும். அதுக்கு என்ன வழி? சட்டை பத்தி யாரும் சொல்லலையே.

மேட்டுத்திடல்
சட்டை வேண்டாம். தேசியக் கொடியைப் போர்வையா எதுலயும் போத்தக்கூடாதுன்னு 1971 தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டத்துல இருக்கு, மூணு வருசம் வரை சிறை. சக்கரம் இல்லாம மூணு நிறத்தைத் தச்சாலும் வாக்குவாதம் வரும், நாய் அதுலயே ஒண்ணுக்குப் போகும். ஒரே நிறத்துல கழுத்துக் கைக்குட்டை, ஒரு நாய்க்கு ஆரஞ்சு, அடுத்ததுக்குப் பச்சைன்னு கட்டினா அழகா இருக்கும். முடிச்சு இழுத்தா அவிழணும்.

தெரு நாய்களுக்கு வழக்கமாச் சோறு வைக்கிறவங்க அந்தத் தெருவுல கண்டிப்பா இருப்பாங்க. அவங்களையே பிடிங்க. ஊர்வலம் வாரதுக்கு அரை மணி முன்னால ரெண்டு தெரு தள்ளி வச்சாங்கன்னா எல்லாம் அங்க போயிரும். முந்தின நாலு நாளும் அதே நேரத்துக்கு, அதே இடத்துல வச்சுப் பழக்கணும், இல்லன்னா கடையை விட்டு நகராது. கம்பு, கல்லு எதுவும் வேண்டாம். மிரண்ட தெரு நாய் நேரா உங்க அணிக்குள்ளதான் ஓடி வரும்.

காவல் நிலையத்துல குடுக்கிற அனுமதி மனுவுல நாய் எண்ணிக்கையையும் எழுதிருங்க. வளையம் தாண்டுறது, கொடிக்குச் சல்யூட் அடிக்கிறது மாதிரி வித்தை எதுவும் சேக்காதீங்க. விலங்குகளை வித்தை காட்ட வைக்கிறதுக்கு விலங்கு நல வாரியத்துல பதிவு வேணும்.

பழக்குறதுக்கு ஏழு வாரம் தாராளம். முதல் ரெண்டு வாரம் ரெண்டு ரெண்டு நாயா, ரோட்டுக்கு ஆளுக்கொரு ஓரமா, ஒரே திசையில நடத்துங்க. எதிரெதிரா வர விடாதீங்க, நாய்க்கு நேருக்கு நேர் வாரது சண்டைக்கு அழைப்பு. அடுத்த ரெண்டு வாரம் நாலு நாலா, இடைவெளியைக் குறைச்சுக்கிட்டே வாங்க. மேளச் சத்தத்தைப் போன்ல பதிஞ்சு, சாப்பாடு வைக்கிற நேரத்துல மெதுவா ஓட விடுங்க, நாய் தட்டுலேருந்து தலையைத் தூக்கினா சத்தம் அதிகம்னு அர்த்தம். அஞ்சாவது வாரம் நிஜத் தவிலை நூறு மீட்டர் தள்ளி வாசிக்கச் சொல்லுங்க. ஆறாவது வாரம் அதே பாதை, அதே நேரம், எல்லா நாயும். நடு வழியில வேணும்னே மூணு தடவை ரெண்டு ரெண்டு நிமிசம் நிறுத்திப் பாருங்க. அந்த ஒத்திகையில உறுமுற நாய், வாலை வயித்துக்குள்ள இடுக்குற நாய் ரெண்டையும் அன்னைக்கு வீட்டுல விட்டுருங்க. ஏழாவது வாரம் சும்மா விடுங்க, நாய்க்கும் ஓய்வு வேணும்.

2016 குடியரசு தினத்துக்கு டெல்லியில ராணுவ நாய்ப் பிரிவு 26 வருசம் கழிச்சு நடந்துச்சு. 36 நாய், அத்தனையும் லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும். உங்க வரிசையில கன்னியும் சிப்பிப்பாறையும் முன்னால வாரதை நினைச்சா எனக்குச் சந்தோசமா இருக்கு.

வாய்க்கால்பாலம்
கரிசல்கன்னி சொன்ன வரிசையே சரி, என்னோடதை விட்டுருங்க. சண்டை வந்துட்டா என்ன செய்யணும்ங்கிறதை 14 பேருக்கும் ஒத்திகையிலேயே சொல்லிருங்க. நடுவுல கையை விடக்கூடாது. பல்லு பதிஞ்ச பிறகு கயிறை இழுத்தா சதை கிழியும். மேல ஊத்த வச்சிருக்கிற தண்ணியை மூஞ்சியில வேகமா அடிங்க. விடலைன்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அவங்கவங்க நாயோட பின்னங்காலைத் தொடையோட சேத்துத் தூக்கி, பின்னால நடக்கணும். ஒருத்தர் மட்டும் இழுத்தாக் காயம் கூடும். மனுசரைக் கடிச்சிட்டா, ஊசி போட்ட நாயா இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு, கட்டுப் போடாம, நேரா ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்தச் சோப்பும் மண்வாளி ஆள் பையிலேயே இருக்கட்டும்.