எல்லோரும் சாகும் இதழ்தான் முதலில் கிடைத்தது

மஞ்சள்பை எழுதியது:

பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்ட மியூட்டன்ட்களின் அணியான எக்ஸ்-மென் காமிக்ஸில் ‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ கதை யார் யாருக்கு எப்படிக் கிடைத்தது என்று போன வாரம் பேச்சு வந்ததே, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசி. எட்டாம் வகுப்பு. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த கட்டுக்குள் ஒரு வண்ண அட்டை எட்டிப் பார்த்தது. 142ஆம் இதழ், 1981 பிப்ரவரி. அட்டையில் 50 சென்ட் என்று போட்டிருந்தது, கடைக்காரர் ஒரு ரூபாய் கேட்டார். பின் ஒன்று பிடுங்கிப்போய் நடுத்தாள் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அட்டைப்படத்தில் மியூட்டன்ட்களை வேட்டையாடும் சென்டினல் என்ற ராட்சச ரோபோ, அணியின் வுல்வரினைப் பொசுக்குகிறது. பக்கத்தில், இந்த இதழில் எல்லோரும் சாகிறார்கள் என்று பெரிய எழுத்தில் அறிவிப்பு.

சும்மா ஆள் பிடிக்கப் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த பையன் வேறென்ன நினைப்பான்? ஆனால் உள்ளே நிஜமாகவே சாகிறார்கள். வுல்வரின் பாய்கிறார், அடுத்து உலோக எலும்புக்கூடுதான் மிச்சம். ஸ்டார்ம் மீது ஈட்டி பாய்கிறது. கொலோசஸும் விழுகிறார். கனவு என்று எங்காவது சொல்வார்களா என்று முன்னும் பின்னும் புரட்டினேன். சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே இதழின் மற்ற பக்கங்களில் இதே ஆட்கள் இளமையாக வாஷிங்டனில் சண்டை போடுகிறார்கள். முதல் பாகமான 141 என்னிடம் இல்லை. அச்சகத்தில் இரண்டு கதைகளை மாற்றித் தைத்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டினேன். பத்துப் பதினைந்து வருடம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன், சிரிக்காதீர்கள்.

பிறகு இரண்டையும் சேர்த்த தொகுப்பு கிடைத்தது. கிறிஸ் கிளேர்மான்ட் எழுத்து, ஜான் பைர்ன் ஓவியம். அப்போதுதான் தலை கால் புரிந்தது. கதையின் எதிர்காலமான 2013இல் வட அமெரிக்கா முழுக்க சென்டினல்கள் கையில். மனிதர்களுக்கு எழுத்து ஒட்டிவிட்டார்கள்: மரபணு சுத்தமென்றால் எச், பிள்ளை பெறலாம். சந்தேகமென்றால் ஏ, பெறக் கூடாது. மியூட்டன்ட் என்றால் எம், அவ்வளவுதான். எக்ஸ்-மென் அணியில் பாதிக்கு மேல் கல்லறையில். மிச்சப் பேரில் சிலர் தெற்கு பிராங்க்ஸ் முகாமில், சக்தியை முடக்கும் பட்டை கழுத்தில். அணியின் பழைய எதிரி மேக்னீட்டோ சக்கர நாற்காலியில். வுல்வரின் மட்டும் வெளியே, காதோரம் நரைத்து.

என்னைப் பிடித்துப்போட்டது சண்டை இல்லை. அந்தப் பட்டையை ஏமாற்ற ஒரு கருவியைத் துண்டு துண்டாகச் சேர்க்கிறார்கள். கடைசித் துண்டை வாங்கிக்கொண்டு கேட் பிரைட் (அணியின் கிட்டிதான், வளர்ந்தபின்) ஒன்றுமறியாதவள் போல முகாமுக்குத் திரும்புகிறாள் பாருங்கள், அந்த இடம். எத்தனை நாள் பொறுத்திருந்து சேர்த்திருப்பார்கள்!

ஊறுகாய்ஜாடி எழுதியது:

மஞ்சள்பை அண்ணே, நீங்கள் பின்பாதியை முதலில் படித்தீர்கள். நான் அதைவிட மோசம், 2014இல் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தேன். நாசத்தை முளையிலேயே தடுக்க ஒருவரைக் கடந்த காலத்துக்கு அனுப்புவதுதானே கதை, படத்தில் அப்படி 1973க்குப் போகிறவர் வுல்வரின். கிட்டி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அனுப்பி வைக்கிறாள். தியேட்டரில் நானும் விசிலடித்தேன், மறுக்கவில்லை.

புத்தகத்தைத் திறந்தால் போகிறவளே அவள்தான்! அதுவும் உடம்போடு இல்லை. நடுத்தர வயது கேட்டின் மனம் மட்டும் 1980 அக்டோபர் 31க்குப் போய், 13 வயது கிட்டியின் உடம்புக்குள் இறங்குகிறது. ஏன் அவள்? அணியில் அப்போதுதான் சேர்ந்த சின்னப் பெண், மனத்துக்குக் காவல் போடும் பயிற்சி இன்னும் வரவில்லை. உள்ளே நுழைய அந்த ஒரு கதவுதான் திறந்திருந்தது. கற்றுக்கொள்ளாததே உதவிக்கு வரும் என்று எனக்கு யாரும் பள்ளியில் சொல்லவில்லை.

கண் விழித்ததும் அவளைச் சுற்றி நிற்கிற முகங்களில் பல, அவள் காலத்தில் செத்துப்போன முகங்கள். அந்தப் பக்கத்தை என் தங்கையிடம் காட்டினேன். “பாவம்க்கா, ஒருத்தர்கிட்டயும் சொல்லி அழ முடியாதே” என்றாள். படத்தில் எனக்கு அந்த இடம்தான் கிடைக்கவில்லை. வுல்வரினுக்குக் கொடுத்த காரணம் (காயம் தானாக ஆறும்) நியாயமாக இருக்கலாம், டிக்கெட்டும் விற்க வேண்டுமே. எனக்கு இன்னும் கோபம்தான்.

ரயில்சிநேகம் எழுதியது:

2013 கோடையில் நியூஜெர்சியில் இருந்தேன், வேலை மன்ஹாட்டனில். கதையில் சென்டினல்களின் தலைமையகம் பேக்ஸ்டர் கட்டடம், அதாவது ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற இன்னொரு சாகச அணி குடியிருந்த வீடு. காமிக்ஸ் கணக்குப்படி 42ஆம் தெருவும் மேடிசன் அவென்யூவும் சந்திக்கிற முனை. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலிருந்து பொடிநடைதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பிப் போனேன்.

அந்த மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தேன். டாக்சி ஹாரன், தள்ளுவண்டியில் வெங்காயம் வதங்குகிற வாசனை, கழுத்தில் அடையாள அட்டையோடு ஓடுகிற கூட்டம். என் கழுத்திலும் ஒன்று தொங்கியது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பியதும் அது இல்லாமல் கதவு திறக்காதே, மறுபடி மாட்டிக்கொண்டேன்.

ஊறுகாய்ஜாடி எழுதியது:

ஐயோ, இதைப் படித்ததும் என் அட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

மஞ்சள்பை எழுதியது:

ரயில்சிநேகம் சார், கொடுத்துவைத்தவர் நீங்கள்.

முடிவைப் பற்றி யாரும் பேசவில்லையே? மியூட்டன்ட்களை எதிர்க்கும் செனட்டர் கெல்லியைக் கொல்ல, மிஸ்டிக் என்ற மியூட்டன்ட் வில்லியின் கூட்டம் வருகிறது, அந்தக் கொலையிலிருந்துதான் எல்லா நாசமும் தொடங்கியது. கேட் தடுத்துவிடுகிறாள். சரி, ஜெயித்தாயிற்று என்று பார்த்தால், கடைசியில் ஜனாதிபதி ரகசியமாகக் கூட்டம் போட்டு, மறுபடி சென்டினல் செய்ய ஏற்பாடு பண்ணுகிறார். 2013இல் செத்தவர்கள் செத்தது வீணா இல்லையா என்று கதை சொல்வதே இல்லை. எட்டாம் வகுப்பில் அந்தக் கடைசிப் பக்கம் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. இப்போது புரிகிறது, பிடிக்கவில்லை, ஆனால் மாற்றி எழுதச் சொன்னால் எனக்கு வராது.

அந்த 142 இன்னும் என்னிடம் இருக்கிறது. நடுத்தாள் இன்னும் தனியாகத்தான் ஆடுகிறது. தொகுப்பு இருந்தும், தனி இதழாக 141 மட்டும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இரண்டு பிரதி இருந்தால் சொல்லுங்கள். பழைய பேப்பர் விலைக்குக் கேட்க மாட்டேன்.