மந்தியின் பிடியும் குட்டியின் விளையாட்டும்

நான் கவனித்துவரும் நாட்டுக் குரங்குக் கூட்டத்தில் இரண்டு மந்திகளுக்கு ஏறத்தாழ ஒரே வயதில் குட்டிகள். ஒரு மந்தி பேன் பார்க்கக் கொடுத்துவிட்டுக் கண்சொருகிக் கிடக்கும். அதன் குட்டியோ வயதில் மூத்த குட்டிகளோடு கட்டிப் புரளும், காதைக் கடிக்கும், கடி வாங்கும். வாய் அகலத் திறந்திருக்கும், ஆனால் பல்லை இளிக்காது. அதுதான் குரங்குகளின் விளையாட்டு முகம்.

இன்னொரு மந்தி குட்டியின் வாலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கும். குட்டி நான்கு கால்களையும் ஊன்றி முன்னால் இழுக்கும். வால் விறைத்து நிற்கும். வேறொரு குரங்கு ஓடிவந்து குட்டியைத் தொட்டால் போதும், மந்தி ஒரே வெடுக்கில் மடிக்கு இழுத்துக்கொள்ளும். சமவயதுக் குட்டிகள் புரண்டு எழுவதை அது மடியிலிருந்தே பார்க்கும்.

அந்த மந்தியைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கூட்டத்தில் அது கடைசிப் படி. இந்த இனத்தில் குட்டிக்குத் தாயின் தகுதிதான் வாய்க்கிறது. விளையாட்டில் பெரிய இடத்துக் குட்டி ஒன்று கீச்சிட்டால் அதன் தாய் பாய்ந்து வரும். எதிர்த்து நிற்க இந்த மந்தியால் முடியாது. பிடியை இறுக்குவதைத் தவிர அதற்கு வேறு என்ன வழி?

1960களில் ரோசன்பிளம், காஃப்மன் என்ற ஆய்வாளர்கள் நாட்டுக் குரங்கையும் பன்றிவால் குரங்கையும் ஒப்பிட்டார்கள். நாட்டுக் குரங்குத் தாய்கள் பொதுவாகத் தாராளம்; தம் குட்டியைப் பிறர் தொட விடும். பன்றிவால் தாய்கள் விடாது. தாயைப் பிரித்தபோது பன்றிவால் குட்டிகள் விளையாட்டை மறந்து சுருண்டுவிட்டன. நாட்டுக் குரங்குக் குட்டிகளை மற்ற மந்திகள் அணைத்துக்கொண்டன. அதைப் படித்த பிறகுதான், தாராளமான இனத்துக்குள்ளேயே இப்படி ஒரு இறுக்கமான தாய் இருப்பது எனக்குப் பெரிதாகப் பட்டது.

---

மேலே உள்ள குறிப்பில் நீங்கள் சொன்ன வால் பிடியை நானும் பார்த்திருக்கிறேன், ஐயா. கருமுகமும் நீள வாலும் கொண்ட லங்கூர் குரங்குகளிடம் கதை நேர்மாறு: பிறந்த அன்றே குட்டி கைமாறத் தொடங்கிவிடும். இளம் மந்திகள் சில நேரம் தலைகீழாகக்கூடத் தூக்கிப் போகும், குட்டி அலறும், தாய் அசையாமல் இலை தின்றுகொண்டிருக்கும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து தள்ளியே உட்காருங்கள், தின்பண்டம் நீட்டாதீர்கள். நாம் நெருங்கினால் தாராளமான மந்தியும் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொள்ளும். விளையாட்டு அந்த நொடியே நின்றுவிடும்.