கதவில்லாத பறக்கும் வண்டி: நேரில் பார்த்தவர்கள், ஏறத் துணிந்தவர்கள் சொல்லுங்கள்

ஒசாகாவிலிருந்து:

2025இல் இங்கே உலகக் கண்காட்சி நடந்தபோது, யுமெஷிமா தீவின் கடலோரத்தில் பறக்கும் வண்டிகளுக்கென்று ஒரு தளம் அமைத்திருந்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அன்று பறந்தது ஹெக்ஸா. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்து லிஃப்ட் ஏர்கிராஃப்ட் நிறுவனம் செய்தது. ஒரே ஒரு இருக்கை, அதற்கு மேலே வட்டமாக 18 ப்ரொப்பெல்லர்கள், அடியில் தண்ணீரில் இறங்கினாலும் மிதப்பதற்கான மிதவைகள். சுற்றிலும் கதவு, கண்ணாடி எதுவும் இல்லை. உட்கார்ந்திருப்பவரை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து முழுசாகப் பார்க்கலாம்.

கிளம்பியதும் எல்லோரும் போனைத் தூக்கினார்கள். எனக்கு வண்டியைவிடக் கூட்டத்தின் மேல்தான் கண். பக்கத்தில் நின்ற சிலரிடம் "இதில் ஏறுவீர்களா?" என்று கேட்டேன். எழுபது வயது இருக்கும் ஒரு ஜப்பானியப் பெரியவர், இப்போதே தயார் என்றார். கல்லூரி வயதில் இருந்த ஒரு ஜோடி, காசு கொடுத்தாலும் வேண்டாம் என்றது. இளசுகள் துணிவார்கள், பெரியவர்கள் பயப்படுவார்கள் என்று நான் நினைத்திருந்தது அங்கே எடுபடவில்லை.

அம்மா சொன்ன பதில்தான் இந்த இழையைத் தொடங்கவே காரணம். "ஒரு கதவு மட்டும் இருந்தா ஏறுவேன்பா" என்றார். கதவு இருந்தால் விழும்போது காப்பாற்றுமா அம்மா, பெல்ட்தானே நம்மைப் பிடித்து வைக்கும் என்றேன். "காப்பாத்தாதுன்னு தெரியும். ஆனா கீழ பாக்க வேண்டாம்ல" என்றார். எனக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

அந்த ஏப்ரலில் ஒரு நாள், காட்சிக்காகப் பறந்துகொண்டிருந்த ஹெக்ஸாவிலிருந்து ஒரு பாகம் கழன்று விழுந்தது செய்திகளில் வந்தது. யாருக்கும் காயமில்லை, ஆனால் பறப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, ஓட்டியவருக்கு என்ன ஆச்சு என்பதில்லை. "அது விழுந்தப்ப கீழ யாரு நின்னா?"

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கண்காட்சியில் பறக்கும் டாக்சிகள் கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றும் என்றுதான் முதலில் திட்டமிட்டார்கள். கடைசியில் எல்லாமே வெறும் காட்சிப் பறத்தலாக முடிந்தது. ஏறத் தயாராக இருந்த அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் வேலியோரம் நின்று பார்த்ததோடு சரி.

ஹம்பர்க்கிலிருந்து:

கீழே யார் நின்றார்கள் என்ற உங்கள் அம்மாவின் கேள்விக்கு நான் ஒரு வணக்கம் சொல்கிறேன். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2021இல் ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது, எங்கள் நகரமும் அதில் உண்டு. இப்படியான வான்வழிப் போக்குவரத்தை நல்ல விதமாகப் பார்த்தவர்கள் 83 சதவீதம். பறக்கும் டாக்சியில் தாங்களே போகக்கூடும் என்றவர்கள் 49 சதவீதம். வரட்டும் என்பதற்கும் நான் ஏறுகிறேன் என்பதற்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருக்கிறது. இத்தனைக்கும் அவர்கள் கேட்டது திறந்த ஒற்றை இருக்கையைப் பற்றி அல்ல, டாக்சியைப் பற்றி.

2024 ஒலிம்பிக்கின்போது பாரிஸில் வோலோகாப்டர் நிறுவனத்தின் பறக்கும் டாக்சி பயணிகளை ஏற்றும் என்று சொல்லியிருந்தார்கள். அது நடக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் அந்த ஜெர்மன் நிறுவனம் திவால் மனுவும் போட்டுவிட்டது. வேலையிடத்தில் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே மாதிரிப் பதில்தான் கேட்கிறேன்: விடுமுறையில் ஒரு தடவை ஏறிப் பார்க்கலாம், ஆனால் என் வீட்டுக் கூரைக்கு மேலே தினமும் போக வேண்டாம்.

கோவையிலிருந்து:

நான் இமாச்சலத்தில் பீர் பில்லிங்கில் பாராகிளைடிங் போனவன். திறந்தவெளியில் தொங்கிக்கொண்டு போவது என்றால் என்ன என்று கொஞ்சம் தெரியும், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கால் தரையை விட்டுப் போகும் வரைதான் வயிறு கலங்கும். காற்றில் ஏறிய பிறகு முகத்தில் குளிர் அடிக்கிறது, கீழே தேவதாருக் காடு நகர்கிறது, பயம் எங்கே போனது என்றே தெரியாது. உடலைப் பிடித்திருக்கும் பட்டைகளை நம்பத் தொடங்கிவிடுகிறோம். ஆகவே திறந்திருப்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஏறுபவர்களில் பாதிப் பேர் அதற்காகவே ஏறுவார்கள் என்று நினைக்கிறேன்.

என் தயக்கம் வேறு இடத்தில். பாராகிளைடரில் நின்றுபோவதற்கு எஞ்சினே இல்லை. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏழெட்டு மீட்டர் முன்னால் போகும், காற்று சரியாக இருந்தால் இறங்க இடம் தேடிக்கொள்ள நேரம் கிடைக்கும். சாதாரண ஹெலிகாப்டரில்கூட எஞ்சின் நின்றால், கீழிருந்து வரும் காற்றில் மேலிருக்கும் பெரிய விசிறி தானாகச் சுற்றிக்கொண்டே இறக்கிவிடும். மின்சாரத்தில் ஓடும் இந்தப் பல ப்ரொப்பெல்லர் வண்டிகளுக்கு இரண்டும் கிடையாது. சின்னச் சின்ன விசிறிகள், மின்சாரம் மொத்தமாக நின்றால் தூக்குவதற்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் 8, 18 என்று நிறைய மோட்டார் வைக்கிறார்கள். ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். எல்லாமே போனால் ராக்கெட் விசையில் விரியும் பாராசூட் இருக்கிறது. அது விரிந்து காற்றைப் பிடிக்க ஓரளவு உயரம் வேண்டும். மூன்று மீட்டரில் விழுந்தால் அடிபட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். நல்ல உயரத்தில் என்றால் பாராசூட் காப்பாற்றும். நடுவில் ஒரு உயரம் இருக்கிறது பாருங்கள், விழுந்தால் உயிர் போகும், பாராசூட்டுக்கும் நேரம் இருக்காது. வேடிக்கைக்காகப் பறப்பவர்கள் பெரும்பாலும் சுற்றிக்கொண்டிருப்பது அங்கேதான். கதவைப் பற்றிக் கேட்பவர்கள் இதைக் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

நம் சென்னையில் ஐஐடி வளாகத்தில் தொடங்கிய இ-பிளேன் நிறுவனம் மூடிய அறையோடும் இறக்கையோடும் ஒரு பறக்கும் டாக்சியை வடிவமைக்கிறது. இறக்கை இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கலிபோர்னியாவிலிருந்து:

இங்கே சட்டம் வேறு மாதிரி. ஆளில்லாத வெறும் எடை 115 கிலோவுக்குள் இருக்கும் ஒற்றை இருக்கை வண்டி என்றால், அமெரிக்க விமானத்துறை அமைப்பான எப்.ஏ.ஏ.வின் 103ஆம் பிரிவின் கீழ் உரிமம் வேண்டாம், மருத்துவச் சான்றும் வேண்டாம். மிதவை, பாராசூட் போன்றவற்றுக்கு எடையில் சலுகையும் உண்டு. பகலில் மட்டும்தான் பறக்கலாம், ஜன நெருக்கமான இடத்துக்கு மேலே போகக் கூடாது. ஒசாகா நண்பரின் அம்மா கேட்ட கேள்விக்குச் சட்டம் 1982லேயே பதில் சொல்லிவிட்டது.

நண்பர்களிடம் ஜெட்சன் ஒன் என்ற ஒற்றை இருக்கை வண்டியின் வீடியோவைக் காட்டினேன். ஸ்வீடனில் தொடங்கிய நிறுவனம் செய்தது, 8 மோட்டார், ஏறக்குறைய 20 நிமிடம் பறக்கும். முதலில் எல்லோரும் ஆசைப்பட்டார்கள். ஓட்டுபவர் 95 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்றதும் இரண்டு பேர் விலகினார்கள். பயிற்சி சில நாள்தான் என்றதும் இன்னொருவர் விலகினார். அவர் சிறு விமானம் ஓட்டக் கற்றவர். எளிதாகக் கற்றுக்கொள்ளலாம் என்பதே அவருக்குப் பயமாக இருந்தது. காற்று திடீரென்று மாறினால் என்ன செய்வது என்று கை பழக மாதக்கணக்காகும் என்றார்.

நான் ஏறுவேன். ஏரிக்கு மேலே, காற்றில்லாத காலையில், மிதவை வைத்த வண்டியில். ஆனால் கோவை நண்பர் சொன்னதைப் படித்த பிறகு, விற்பவர்களிடம் ஒன்றைக் கேட்காமல் ஏற மாட்டேன்: உங்கள் பாராசூட் எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து வேலை செய்யும், அதை ஆள் எடையோடு போட்டுப் பார்த்தீர்களா? வேகமும் விலையும் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் அந்த எண்ணையும் அதே அளவு எழுத்தில் போடட்டும். இங்கே யாராவது அப்படிக் கேட்டுப் பதில் வாங்கியிருந்தால் எழுதுங்கள்.