ஸ்கூலுக்கு சோலார் போடறதா, இல்ல கரண்ட் பாலிசி வேலை பாக்கற அமைப்புக்குக் குடுக்கறதா?

கோவைக்காரன்76:
வணக்கம் மக்களே. போன வருஷம் அப்பா தவறிட்டாரு. அவர் பேர்ல ஏதாவது பண்ணணும்னு நானும் அண்ணனும் சேந்து 3 லட்சம் ஒதுக்கியிருக்கோம், அதுல 2 லட்சம் அண்ணனோடது, அவரு டல்லாஸ்ல இருக்காரு, அந்த ஊர் சிட்டிசன்ஷிப்பே வாங்கி அஞ்சாறு வருஷம் ஆச்சு. நாங்க படிச்ச ஸ்கூலுக்கு 5 கிலோவாட் சோலார் போட்டுக் குடுத்துடலாம்னு ஹெட்மாஸ்டர்கிட்ட வரைக்கும் பேசியாச்சு. இப்ப அண்ணன் எதையோ படிச்சுட்டு வந்து, பேனல் வாங்கிக் குடுக்கறதவிட நம்ம மாதிரி நாட்டுல கரண்ட் விதிமுறைய மாத்த வேலை செய்யற அமைப்புக்குக் குடுத்தா ஒரு ரூபாய்க்கு நூறு ரூபா பலன்னு நிக்கறாரு. எனக்கு மண்டைல ஏறல. பேனல்னா கண்ணுல தெரியும், ஓரமா அப்பா பேரு எழுதிக்கலாம். பாலிசில எங்க போய் உபயம்னு எழுதறது? இந்த ஃபீல்டு தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

டெல்லி_ரிட்டர்ன்:
நான் எட்டு வருஷம் டெல்லில இந்த மாதிரி ஒரு ஆராய்ச்சி அமைப்புல குப்பை கொட்டினவன், அதனால கொஞ்சம் சாய்வு இருக்கும், பொறுத்துக்கங்க.

உங்க வீட்டு ஏசி, ஃப்ரிட்ஜ்ல ஸ்டார் ஸ்டிக்கர் இருக்குல்ல, அத எடுத்துக்கங்க. எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001, அதப் பாத்துக்கற அரசு அமைப்பு பீஇஇ வந்தது 2002, ஸ்டிக்கர் 2006ல, அதுவும் அப்ப இஷ்டப்பட்டா ஒட்டலாம். 2010லதான் ஏசிக்கெல்லாம் கட்டாயம். சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி. இதுக்குப் பின்னாடி எந்த ஃபேன எப்படி டெஸ்ட் பண்றது, கோடு எங்க போடறது, கம்பெனிக்காரன் எவ்வளவு வரைக்கும் தாங்குவான்னு வருஷக்கணக்குல பேப்பர் வேலை. அதுல கிளாஸ்ப்னு, கரண்ட் சாமான்களுக்குத் தர விதி வகுக்க உதவற அமைப்பு மாதிரி ஆளுங்க கூட நின்னு வேலை பாத்துச்சு, அந்த அமைப்புகளுக்குப் பெரிய பங்கு அறக்கட்டளைக் காசுதான். 2008ல ஹியூலெட், பக்கார்ட், மெக்நைட்னு மூணு அமெரிக்க அறக்கட்டளை சேந்து பருவநிலை வேலைக்குக் காசு தர்ற கிளைமேட்வொர்க்ஸ்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, ஹியூலெட் மட்டும் 50 கோடி டாலர் தர்றேன்னுச்சு. அதோட தொடர்ச்சியா இங்க 2009ல இதே வேலைக்கு சக்தி ஃபவுண்டேஷன் வந்துச்சு.

இப்ப கணக்கு பாருங்க. உங்க 5 கிலோவாட் நல்ல வெயில்ல தினம் 20 யூனிட் தரும். பழைய ஃபேன் 75 வாட்ஸ், கரண்ட் கம்மியா இழுக்கற புது மோட்டார் வச்ச பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸ், தினம் 10 மணி நேரம் ஓடினா 0.45 யூனிட் மிச்சம். 45 ஃபேன் மாறினா உங்க மொத்த சோலார் பிளான்ட்டும் வந்துடுச்சு. ஒரு விதி எத்தனை கோடி ஃபேன தொடும்னு நீங்களே யோசிங்க. அண்ணன் சொல்றது இதத்தான்.

சந்தேகப்_பிராணி:
கணக்கு ஜோரா இருக்கு, ஆனா அந்த விதி உங்க நன்கொடையாலதான் வந்துச்சுன்னு எவன் சொல்வான்? பீஇஇ எப்படியும் போட்டிருக்கும். எல்ஈடி பல்பையே பாருங்க, 2014ல அரசு கம்பெனி மொத்தமா வாங்கின விலை 310 ரூபா, ரெண்டே வருஷத்துல 38 ரூபா ஆச்சு. அது டெண்டர் விட்டு கோடிக்கணக்குல வாங்கினதால வந்த விலை. எந்தப் பணக்காரன் தர்மமும் இல்ல. ஆனா ரிப்போர்ட்டுல மட்டும் ஆளாளுக்கு நாங்கதான் நாங்கதான்னு எழுதிக்குவாங்க. அப்புறம், வெளிநாட்டுக் காசு வந்து நம்ம நாட்டு சட்டத்த எழுதறது எனக்கு உறுத்துது, அவன் ஊர்ல நிலக்கரிய எரிச்சு முடிச்சுட்டு நமக்குப் பாடம்.

டெல்லி_ரிட்டர்ன்:
எல்ஈடி விஷயத்துல நீங்க சொல்றது சரி, நான் அத சேத்துக்கவே இல்லையே. பங்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்ட முடியாதுங்கறதும் நிஜம், நாங்களே வருஷக் கடைசில ரிப்போர்ட் எழுதறப்ப 'பங்களித்தது'ங்கற ஒரு வார்த்தைய வச்சுத்தான் வண்டி ஓட்டுவோம். ஆனா சோலார் வச்சுட்டா மட்டும் பலன் நிச்சயம்னு நினைக்காதீங்க. பீகார்ல ஜெகானாபாத் பக்கம் தர்நய்னு ஒரு ஊரு. 2014ல கிரீன்பீஸ்ங்கற சுற்றுச்சூழல் அமைப்பு 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட், அதாவது ஊருக்கு மட்டும் தனி கரண்ட் லைன், போட்டுச்சு, ஊரே நியூஸ்ல. முன்னாள் முதலமைச்சர் பாக்க வந்தப்ப ஜனங்க, எங்களுக்கு அசல் கரண்ட் வேணும், இந்த டூப்ளிகேட் வேணாம்னு நின்னாங்க. சீக்கிரமே அரசு கரண்ட் கம்பி வந்துச்சு, அந்த கரண்ட் மலிவு வேற, பேட்டரி போச்சு, கவனிக்க ஆளில்ல, கடைசில அந்த இடம் மாட்டுத் தொழுவம் ஆயிடுச்சு.

பழைய_வாரியத்தான்:
தம்பிகளா, நான் மின்வாரியத்துல 34 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். பாலிசி பாலிசிங்கறவங்கள எனக்கு ஆகவே ஆகாது, கம்பத்துல ஏறினதே இல்லாம கம்பத்தப் பத்திப் பேசுவாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். 2003 மின்சாரச் சட்டப்படி கட்டணத்த ஏத்தணும்னா ஒழுங்குமுறை ஆணையத்துல மனு போட்டு ஜனங்க ஆட்சேபத்தக் கேட்டுத்தான் ஆகணும். மனு தலையணை தடிமன் இருக்கும். கருத்துக் கேட்பு நாள்ல ஜனங்க வந்து கத்துவாங்க, கோவப்படுவாங்க, அதிகாரிங்க தலையாட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. எங்க ஆளுங்க பயந்தது ஒரே ஒருத்தருக்குத்தான், ஒரு நுகர்வோர் அமைப்புக்காரர், சத்தமே போட மாட்டாரு, இத்தனாம் பக்கத்துல லைன் லாஸ் (கம்பில போற வழில வீணாகற கரண்ட்) இவ்வளவுன்னு இருக்கு, அதே அட்டவணை பின்னாடி வேற நம்பர் சொல்லுது, எது சரின்னு மட்டும் கேப்பாரு. அன்னிக்கு ராத்திரி ஆபீஸ்ல எவனும் வீட்டுக்குப் போக முடியாது. அந்த மனுஷனுக்கு சம்பளம் யாரு குடுக்கறா? யாரோ குடுக்கணும்ல.

புனேல பிரயாஸ்னு ஒரு அமைப்பு இதே ரகம். என்ரான்ங்கற அமெரிக்கக் கம்பெனி மகாராஷ்டிரால தாபோல்ல கரண்ட் பிளான்ட் போட்டப்ப அந்த ஒப்பந்தத்தப் பிரிச்சு, இது மகாராஷ்டிரா வாரியத்துக்குக் கட்டுபடியாகாதுன்னு கணக்கோட காட்டினாங்க. கேக்கல. 2001ல வாரியம் காசு குடுக்க முடியாம கரண்ட் வாங்கறதையே நிறுத்துச்சு. அப்புறம் அதே அமைப்பு ஊர் ஊரா வீட்டுல சின்னப் பெட்டி மாட்டி, எத்தன மணிக்கு கரண்ட் போச்சு, வோல்டேஜ் எவ்வளவுன்னு நிமிஷக் கணக்குல இன்டர்நெட்ல போட்டுச்சு. வாரியம் 24 மணி நேரமும் கரண்ட்னு அறிக்கை விடும், பெட்டி வேற சொல்லும். எங்களுக்கு எரிச்சல்தான், ஆனா பொய் சொல்ல முடியாது பாருங்க.

ஆடிட்டர்_மணி:
எல்லாரும் தத்துவம் பேசறீங்க, காச எப்படி அனுப்பறதுன்னு ஒருத்தரும் சொல்லல. கோவைக்காரரே, உங்க அண்ணன் அமெரிக்க சிட்டிசன்னா, ஓசிஐ கார்டே (வெளிநாட்டு சிட்டிசனான இந்திய வம்சாவளிக்குத் தர்றது) இருந்தாலும் அவரு காசு வெளிநாட்டு நன்கொடைதான். வாங்கற அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இருக்கணும், டெல்லி மெயின் பிராஞ்ச் எஸ்பிஐல அதுக்குன்னு திறந்த கணக்குல மட்டும்தான் போய் விழணும். இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கற என்ஆர்ஐ தன் சொந்த சேமிப்ப பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, நிறைய பேர் ரெண்டையும் குழப்பிக்கறாங்க. அண்ணன் உங்களுக்கு அனுப்பி நீங்க உங்க பேர்ல குடுக்கற குறுக்கு வழி வேணவே வேணாம், மாட்டறது அந்த அமைப்பு.

2020ல சட்டத்த இன்னும் இறுக்கிட்டாங்க. முன்னாடி பெரிய அமைப்பு வெளிநாட்டுக் காச வாங்கி மாவட்டத்துல இருக்கற சின்ன அமைப்புக்குப் பிரிச்சுக் குடுக்கும், அது இப்ப சுத்தமா தடை. நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்துலருந்து 20. டெல்லில சிபிஆர்னு எவ்வளவு பேர்போன கொள்கை ஆராய்ச்சி நிறுவனம், அவங்க எஃப்சிஆர்ஏ லைசென்ஸையே 2023ல நிறுத்தி வச்சு 2024 ஜனவரில ரத்து பண்ணிட்டாங்க. சந்தேகப்பிராணி சார் உறுத்துதுன்னாரே, அரசாங்கத்துக்கும் அதே உறுத்தல்தான்! ஆனா அந்த இடத்துல உள்ளூர்க் காசு வந்து நிக்குதான்னா இல்ல, கம்பெனிக்காரன் சமூகப் பொறுப்புன்னு ஒதுக்கற சிஎஸ்ஆர் பணத்துக்கு ரிப்பன் வெட்டற போட்டோ வேணும். அதனால உங்க 1 லட்சம் இருக்கே, எஃப்சிஆர்ஏ தொல்லையே இல்லாத காசு, அண்ணனோட 2 லட்சத்தவிட ஒரு சின்ன அமைப்புக்கு அது பெருசு. வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கேட்டு வாங்கிக்கங்க.

சந்தேகப்_பிராணி:
சரி, உள்ளூர்க் காசுன்னா எனக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா குடுக்கறதுக்கு முன்னாடி போன வருஷம் ஆணையத்துல என்ன ஆட்சேபம் தாக்கல் பண்ணீங்க, காட்டுங்கன்னு கேளுங்க. காட்டினா குடுங்க. பளபளன்னு ஆண்டறிக்கைய நீட்டினா ஓடி வந்துடுங்க.

கோவைக்காரன்76:
எல்லாருக்கும் நன்றிங்க. அண்ணன்கிட்ட நேத்து ராத்திரி பேசினேன், அவரு காசு எஃப்சிஆர்ஏ இருக்கற இடமா பாத்து அவரே நேரா அனுப்பிக்கறேன்ட்டாரு. என் லட்சத்துல 60,000 வாரியத்து ஐயா சொன்ன மாதிரி மனு படிக்கற ஆளு இருக்கற ஒரு அமைப்புக்கு, அவங்க தாக்கல் பண்ண பேப்பர இப்பதான் அனுப்பியிருக்காங்க, பாதி புரியல, ஆனா நம்பர் நம்பரா இருக்கு. மிச்சம் 40,000. ஹெட்மாஸ்டர்கிட்ட சோலார் இல்லைன்னு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல, மனுஷன் மொட்டை மாடிய கழுவியே வச்சுட்டாரு.

பழைய_வாரியத்தான்:
40,000க்கு பிஎல்டிசி ஃபேன் பன்னெண்டு பதிமூணு வரும், வாங்கி மாட்டுங்க. அப்பா பேர றெக்கைல எழுதாதீங்க, சுத்தறப்ப தெரியாது. நடுவுல மூடி மேல எழுதுங்க.