மாடி ஏறினா நெஞ்சு இறுக்குது, ஈசிஜி நார்மல். விட்டுடலாமுங்களா?

மாவுக்கடை அக்கா, ஈரோடு:

வணக்கமுங்க. எனக்கு 54 வயசு. வீட்டுலயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு விக்கிறேன். பத்து வருஷமா சுகர். மாத்திரையிலதான் ஓடுது, ஊசிக்குப் போகல.

கிரைண்டர் கீழ, வீடு ரெண்டாவது மாடி. மாவுக் குண்டாவைத் தூக்கிட்டுப் படி ஏறுறப்ப நடு நெஞ்சுல ஒரு இறுக்கமுங்க. வலின்னும் சொல்ல முடியல. பாவாடை நாடாவை நெஞ்சுக்கு மேல இழுத்துக் கட்டின மாதிரி இருக்குது. தாடைக்குக் கீழயும் கனமா இருக்கும். குண்டாவை எறக்கி வெச்சு நின்னா ரெண்டு மூணு நிமிஷத்துல விட்டுடுது. தீபாவளி சமயத்துல மேல போய்ச் சேர்றப்பதான் வரும். இப்பல்லாம் முதல் மாடித் திருப்பத்துலயே நின்னுக்கறேன்.

ஓமத்தண்ணி, ஈனோ எல்லாம் பாத்தாச்சு. ஏப்பம் வந்தா கொஞ்சம் தேவலை. போன வாரம் பக்கத்துக் கிளினிக்குல ஈசிஜி எடுத்தாங்க, நார்மல்னுட்டாங்க. பையன் டென்ஷன்தான் விடும்மாங்கிறான். அடுத்த மாசம் ஒரு லேப்ல டிரெட்மில்லோட முழு உடம்பு செக்கப் பேக்கேஜ் போடுறாங்களாம். அதுக்குப் போனாப் போதுமுங்களா?

காங்கேயத்தான்:

அக்கா, ஏப்பம் வந்தா தேவலைன்னு நீங்களே சொல்றீங்க, அப்பறம் என்ன? வாய்வுதான். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ராத்திரி பூண்டுப்பால் குடிங்க, கிழங்கு, பட்டாணியை நிறுத்துங்க, சரியாப் போயிடும்.

கேஷுவல்டி சிஸ்டர்:

தம்பி, கோச்சுக்காதீங்க, இந்தப் பூண்டுப்பால் குடிச்சுட்டு விடியக்காலை வந்தவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். அவசரப் பிரிவுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன்.

அக்கா, வாய்வுக்கு நீங்க மாடி ஏறுறீங்களா, கட்டில்ல படுத்திருக்கீங்களான்னு தெரியாது. வேலை செஞ்சா வருது, நின்னா போகுதுன்னா, மொதல்ல சந்தேகப்பட வேண்டியது இதயத்துக்குப் போற ரத்தக் குழாய் அடைப்பைத்தான். சும்மா இருக்கறப்ப இதயத்துக்குக் கொஞ்ச ரத்தமே போதும். பாரம் தூக்கிப் படி ஏறுனா அதிகம் கேக்கும். குழாய் சுருங்கியிருந்தா அந்த அதிகம் கிடைக்காது, அந்த நேரத்துலதான் இறுக்கும். நீங்க கிளினிக்குல படுத்துட்டு எடுத்த ஈசிஜி அந்த நேரத்தோட கணக்கு மட்டும்தான். அது நார்மல்னா ஒண்ணுமில்லைன்னு ஆகிடாது.

ஏப்பத்தையும் ஈனோவையும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. இதயக் கோளாறு உள்ளவங்களுக்கும் ஏப்பம் வரும். நெஞ்செரிச்சல்னா பெரும்பாலும் சாப்பிட்டுப் படுத்தா எரியும், புளிச்சுக்கிட்டு மேல வரும். தசைப் பிடிப்புன்னா அழுத்துனா, திரும்புனா சுருக்குங்கும். நீங்க எழுதினது ரெண்டு மாதிரியும் இல்ல. அதுவும் சுகர் ரொம்ப நாளா இருந்தா நரம்பு மரத்துப் போய் வலி சரியாத் தெரியாது. சினிமால வர்ற மாதிரி நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுவாங்கன்னு நம்ம பொம்பளைங்க காத்துட்டு இருப்பாங்க. ஆனா தாடைக் கனம், மூச்சு வாங்கறது, குமட்டல், காரணமில்லாத அசதின்னு மட்டும் வர்றதும் உண்டு.

எனக்கு உறுத்துறது வேற. தீபாவளிக்கு ரெண்டாவது மாடி, இப்ப முதல் மாடி. நெருங்கிட்டு வருது பாருங்க. இப்படி நெருங்கறதை நாங்க சாதாரணமா எடுத்துக்க மாட்டோம். அடுத்த மாசம் வேண்டாம், இன்னைக்கே இதய டாக்டர் இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போங்க. டாக்டர் பாக்காம நேரா லேப்ல டிரெட்மில் ஏறிடாதீங்க. இறுக்கம் கூடிட்டு வர்றப்ப அதுல ஓடுறதே ஆபத்து, எந்த டெஸ்ட்டுன்னு டாக்டர் சொல்லட்டும்.

மாவுக்கடை அக்கா:

படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு சிஸ்டர். பக்கத்து வீட்டு அண்ணன் அவரோட நாக்குக்கு அடியில வெக்கற மாத்திரைல ரெண்டு குடுத்து, வந்தா வெச்சுக்கோன்னாரு. வெக்கலாமுங்களா? போற வழில அதிகமா வந்துட்டா என்ன பண்றது?

கேஷுவல்டி சிஸ்டர்:

வெக்காதீங்க. சார்பிட்ரேட்டாத்தான் இருக்கும். பிரஷரைச் சடார்னு எறக்கி மயக்கம் போட வெச்சுடும். அதை வெச்சு வலி போச்சுன்னா இதயம், போகலைன்னா வாய்வுன்னு ஊருக்குள்ள ஒரு கணக்கு வேற ஓடுது, அதுவும் தப்பு. உணவுக்குழாய்ப் பிடிப்பும் அதுக்கு விட்டுடும்.

உட்கார்ந்தும் அஞ்சு நிமிஷத்துல அடங்கல, இல்ல சும்மா இருக்கறப்பவே வருது, கூட வேர்த்துக் கொட்டுது, மூச்சு முட்டுது, கண்ணு இருட்டுதுன்னா உடனே 108. பையனோட வண்டில பின்னாடி உட்கார்ந்து வராதீங்க. வழில மயங்குனா அவனால ஒண்ணும் செய்ய முடியாது. படி எறங்கி நடக்கவும் வேண்டாம், அவங்க ஸ்ட்ரெச்சரோட மேல வருவாங்க. ஆஸ்பிரின் கையில இருந்தாலும் நீங்களாப் போட்டுக்காம 108ல பேசறவங்களைக் கேளுங்க. முதுகுப் பக்கம் கிழியற மாதிரி வலின்னா அது பெரிய ரத்தக் குழாய் கிழிசலாவும் இருக்கலாம், அங்க ஆஸ்பிரின் கெடுதல்.

அந்தியூர் மாமா:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கோணும். கிராமத்துல இருக்கறவங்க இதையும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. 2023ல இருந்து "இதயம் காப்போம்"னு ஒரு திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மாரடைப்புக்கான முதல் மாத்திரை வெச்சிருக்காங்க. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின், மொத்தம் 14 மாத்திரை ஒரே தடவையில. எங்க அண்ணனுக்குக் குடுத்துட்டுத்தான் ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. பாத்துட்டுத்தான் குடுப்பாங்க, கேட்டு வாங்கிட்டு வந்து வீட்டுல வெக்கற சமாச்சாரம் இல்ல.

காங்கேயத்தான்:

சிஸ்டர், எங்கம்மாவையும் ஒருக்கா காட்டிடறேன்.

மாவுக்கடை அக்கா:

பையன் லீவு சொல்லிட்டான், கிளம்பிட்டோம். இன்னைக்கு மாவு இல்லைன்னு கடை வாசல்ல எழுதி வெச்சாச்சு. கையில என்ன எடுத்துட்டுப் போகோணும் சிஸ்டர்?

கேஷுவல்டி சிஸ்டர்:

போன வார ஈசிஜியை மறக்காம எடுத்துக்குங்க. புதுசையும் அதையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் மாத்தம் தெரியும். அந்தப் பேப்பர் சூட்டுல அச்சு மங்கிப் போற ரகம், வழில ஒரு ஜெராக்ஸ் போட்டுக்குங்க. சுகர் மாத்திரை அட்டையை அப்படியே கொண்டு போங்க, பேரை எழுதிட்டுப் போக வேண்டாம். அங்க ட்ரோபோனின்னு ரத்தம் எடுத்துட்டு, சில மணி நேரம் கழிச்சு மறுபடியும் எடுப்பாங்க. இதயத் தசை அடிபட்டா அது ரத்தத்துல ஏற நேரமாகும். ஒருக்கா நார்மல்னதும் எந்திரிச்சு வந்துடாதீங்க. படி எறங்கறப்ப பையன் கையைப் பிடிச்சுக்குங்க, குண்டா கீழயே கெடக்கட்டும்.