கலைச்சொல்: ஒரே பாட்டால் பேர் பெற்றவரை என்னவென்று அழைப்பது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். 'ஒன் ஹிட் ஒண்டர்' என்பதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று கேட்டு நான் மடல் போட்டுப் பத்து நாளாகிறது. தொண்ணூறுகளின் பாப் இசை பற்றி எழுதிவரும் கட்டுரையில் அந்த ஓர் இடம் மட்டும் நிரம்பாமல் நிற்கிறது. இத்தனை பேர் யோசித்து எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வதுதான் மரியாதை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் என் சொல்லை நானே திரும்பப் பெறுகிறேன். 'ஒருபோகி' என்று முன்மொழிந்திருந்தேன். காவிரிக் கரைக்காரனுக்கு ஒருபோகம், இருபோகம், முப்போகம் என்பவை யோசிக்காமலே வாயில் வருகிற சொற்கள். குறுவையும் தாளடியும் போடும் வயலுக்கு நடுவே சம்பா மட்டும் விளைகிற வயல் ஒருபோகம். ஒரு வெற்றியோடு நின்றவருக்கு அது பொருந்தும் என்று நினைத்தேன். பாபநாசம் பக்கத்தில் இன்றும் நெல் போடும் என் சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஒருபோகம்னா வருஷத்துக்கு ஒருதரம்டா. தண்ணி வந்தா அடுத்த வருஷமும் அதே வயல்ல சம்பா நிக்கும். ஒரே தடவை வெளைஞ்சு அதோட போனா அது தரிசு."

அவர் சொன்னது சரி. ஒருபோகம் என்பது ஒழுங்காகத் திரும்பி வருவது. நமக்கு வேண்டியதோ திரும்பி வராதது. போதாக்குறைக்கு 'ஒருபோகு' என்ற சொல்லை யாப்பிலக்கணம் கலிப்பாவுக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. கொச்சக ஒருபோகு படித்தவர்கள் குழம்புவார்கள். ஆக, ஒருபோகி வேண்டாம்.

> 'ஒரு பாடல் அதிசயம்' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் உடனே புரியும்.

நாகப்பட்டினம் நண்பருக்கு: புரியும், ஆனால் தமிழாக நிற்காது. தாஜ்மகாலை அதிசயம் என்போம். ஒரு மனிதரை அதிசயம் என்றால், 'அதிசயமா இன்னைக்கு நேரத்துக்கு வந்துட்டான்' என்று சொல்லும் தொனிதான் வருகிறது. இவரா பாடினார் என்ற ஏளனம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலச் சொல்லிலும் அந்த ஏளனம் கொஞ்சம் உண்டு. அதைச் சுமந்துகொண்டு வர வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

'ஒருநாள் கூத்தர்' என்பதையும் இதே காரணத்துக்காகத்தான் மறுக்கிறேன். ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதை உடனே ஞாபகத்துக்கு வரும். சொல்லாக வைக்கக் கேட்ட மற்ற இரண்டில், 'வால்வெள்ளி' திரும்பி வரும், 'குறிஞ்சி' பன்னிரண்டு வருஷத்தில் மறுபடி பூக்கும். இரண்டும் சரிப்படாது.

திருவையாற்று அம்மா எழுதியதைத்தான் நான் பலமுறை படித்தேன். வாழையைச் சொல்லியிருந்தார். வாழை ஒரே ஒரு தார்தான் போடும். தாரை வெட்டியதும் மரத்தையும் சாய்த்துவிடுவார்கள். ஆனால் அதற்குள் அடியில் பக்கக்கன்று கிளம்பியிருக்கும். அதைப் படித்ததும் எனக்கு லிண்டா பெர்ரி ஞாபகம்தான் வந்தது. 'ஃபோர் நான் பிளாண்ட்ஸ்' என்ற அமெரிக்கக் குழுவின் பாடகி அவர். 1993-இல் 'வாட்ஸ் அப்?' பாட்டு உலகமெல்லாம் ஒலித்தது. குழு ஒரே ஒரு முழு ஆல்பத்தோடு கலைந்துபோனது. பொதுவாக எழுதுகிறவர்கள் கதையை அங்கேயே முடித்துவிடுவார்கள். ஆனால் அவர் பாட்டெழுதித் தயாரிக்கிற பக்கம் போய், பிங்க் பாடிய 'கெட் த பார்ட்டி ஸ்டார்ட்டட்', கிறிஸ்டினா அகிலேராவின் 'பியூட்டிஃபுல்' இரண்டையும் எழுதிக் கொடுத்தார். 'நியூ ராடிக்கல்ஸ்' குழுவின் கிரெக் அலெக்சாண்டரும் அப்படித்தான். 1998-இல் 'யூ கெட் வாட் யூ கிவ்' பெரிய வெற்றி பெற்றது. மறு வருஷமே குழுவை அவராகவே கலைத்துவிட்டார். பிறகு சந்தானாவும் மிஷேல் பிராஞ்சும் சேர்ந்து பாடிய 'த கேம் ஆஃப் லவ்' பாட்டில் அவர் கை உண்டு. தார் வெட்டின இடத்தில் கன்று நிற்கிறது. அம்மா, இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்காது. கட்டுரையில் உங்கள் அனுமதியோடு எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் உவமையாக நன்றாக நிற்பது சொல்லாக நிற்கவில்லை. 'ஒருதாரர்' என்று எழுதினால் ஒரு தாரம் கொண்டவர் என்றுதான் படிப்பார்கள். 'ஒருகுலையர்' என்றால் இசையோடு ஒரு தொடர்பும் தெரியவில்லை. கலைச்சொல்லைத் தனியாக ஒரு சீட்டில் எழுதி நீட்டினாலும் எந்தத் துறைச் சொல் என்று பாதியாவது புரிய வேண்டும்.

நான் எங்கே போய் நின்றேன் என்று இனிச் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் நான் பள்ளியில் படித்த காலத்தில் கேசட் பதிந்து தரும் கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய் வாங்க வேண்டும். 1997-இல் பதிந்த ஒரு 90 நிமிட கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்த வாரம் அதைத் தேடி எடுத்தேன். நாடா ஓடவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் அட்டை அப்படியே இருக்கிறது. கடைக்காரர் பச்சை மையில், ஒரு வரிக்கு ஒரு பாட்டாக, இடது பக்கம் பாட்டின் பெயரும் வலது பக்கம் பாடியவர் பெயரும் எழுதியிருக்கிறார். மைக்கேல் ஜாக்சன் பெயரெல்லாம் சரியாக இருக்கிறது. ஏழாவது வரியில் இடது பக்கம் 'மக்கரீனா'. பாடியவர் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. இடத்தைக் காலியாக விடவும் மனம் இல்லை. வலது பக்கம் 'மக்கரீனா பார்ட்டி' என்று எழுதியிருக்கிறார்.

நம் ஊரில் நாதஸ்வர பார்ட்டி, பஜனை பார்ட்டி என்கிற மாதிரி, மக்கரீனா பார்ட்டி. பாட்டே பாடியவருக்குப் பெயராகிவிட்டது.

இதையேதான் நம் சங்கப் பாட்டுகளைத் தொகுத்தவர்களும் செய்தார்கள். 'செம்புலப் பெயல்நீர் போல' என்று பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. அதனால் அவர் செம்புலப்பெயனீரார் ஆனார். அது குறுந்தொகை 40. புரட்டினால் அடுத்த பாட்டே, 41, அணிலாடு முன்றிலாருடையது. குப்பைக் கோழியார், விட்ட குதிரையார், மீனெறி தூண்டிலார் எல்லோருமே தங்கள் பாட்டிலிருந்த ஒரு தொடரால் வாழ்கிறவர்கள். நம் உத்தமதானபுரத்துக்காரரான உ.வே.சா. 1937-இல் பதிப்பித்த குறுந்தொகையின் புலவர் வரிசையை ஒருமுறை பாருங்கள். ஒரே பாட்டால் நிலைத்தவர்களுக்கு நம் மொழி எவ்வளவு மரியாதையாக இடம் கொடுத்திருக்கிறது என்று தெரியும். அவர்களை யாரும் ஒரு பாட்டோடு காணாமல் போனவர்கள் என்று சொல்வதில்லை. பேருக்குப் பின்னால் 'ஆர்' விகுதி போட்டுத்தான் சொல்கிறோம்.

அதனால் நான் முன்வைக்கும் சொல்: ஒருபாடலார்.

'ஒருபாட்டார்' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். பாட்டனார் காதில் விழுகிறது. ஒருபாடலார் தெளிவாக இருக்கிறது. 'ஆர்' விகுதியில் இன்னொரு வசதியும் உண்டு. ஒருவரை மரியாதையாகச் சொல்லவும் பலரைச் சொல்லவும் அதுவே போதும். தனிப் பாடகர், நான்கு பேர் குழு, இரண்டுக்கும் ஒரே சொல்.

> ஒரு பாடல் மட்டுமா பாடினார்கள்? 'வெற்றி' என்ற சொல் எங்கே போயிற்று?

'ஒரு பாடல்' என்று தொடங்கும் எந்தச் சொல்லுக்கும் மன்னார்குடி ஐயா இப்படிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்டும்விட்டார். நியாயமான கேள்வி. மக்கரீனாவைப் பாடிய 'லோஸ் தெல் ரியோ' ஸ்பெயினில் செவில் நகருக்குப் பக்கத்திலிருந்து வந்த இருவர். 1962-இலிருந்து சேர்ந்து பாடியவர்கள். மக்கரீனாவை 1993-இல் பதிந்தார்கள். பிறகு மயாமியில் 'பேசைட் பாய்ஸ்' என்ற இசைத் தயாரிப்பாளர்கள் அதை மறுகலவை (ரீமிக்ஸ்) செய்ய, அந்த வடிவம் 1996-இல் அமெரிக்காவின் வாராந்தரப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்கு முன்பே முப்பது வருஷத்துக்கு மேல் பாடியிருந்தவர்களை ஒருபாடலார் என்பது பொய்யாகிவிடாதா என்பதுதான் ஐயாவின் கேள்வி.

ஆகாது என்பது என் கருத்து. ஒருபாடலார் அன்மொழித்தொகை, அதாவது தன்னிடம் இல்லாத சொல்லால் ஆளைக் குறிக்கும் தொகை. 'பொற்றொடி வந்தாள்' என்றால் பொன்வளை அணிந்த பெண் வந்தாள் என்று புரிந்துகொள்கிறோம். அவளிடம் வேறு வளையல் இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. எதனால் அவளை அடையாளம் காண்கிறோம் என்பதைத்தான் தொகை சொல்கிறது. இதற்குச் சங்க நூல்களிலேயே சான்று இருக்கிறது. 'ஓரேர் உழவன் போல' என்று குறுந்தொகை 131-இல் பாடியவர் ஓரேருழவர். அதே பெயரில் புறநானூற்றில் 193-ஆம் பாட்டும் இருக்கிறது. இரண்டாவது பாட்டு இருந்தும் பெயர் முதல் பாட்டின் தொடரிலேயே நிற்கிறது. லோஸ் தெல் ரியோவுக்கும் அந்த நியாயம் பொருந்தும். 'ஒற்றை வெற்றியர்' என்று 'வெற்றி'யைக் கொண்டுவந்தால், மற்றதெல்லாம் தோல்வி என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது.

வெற்றியின் அளவைச் சொல்லுக்குள் திணிக்காமல் விளக்கத்தில் வைக்க வேண்டும். எந்த நாட்டின் எந்தப் பட்டியல் என்று சொல்லாமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கூடாது என்பேன். 'ரைட் செட் ஃப்ரெட்' குழுவின் 'ஐ ஆம் டூ செக்ஸி' 1992-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அங்கே அவர்கள் ஒருபாடலார். ஆனால் அதே வருஷம் இங்கிலாந்தில் அவர்களுடைய வேறொரு பாட்டு, 'டீப்லி டிப்பி', முதலிடத்துக்கு வந்தது. சொந்த நாட்டில் அவர்கள் ஒருபாடலார் இல்லை.

பட்டியலின் விதியே ஆளை மாற்றிக் காட்டுவதும் உண்டு. தொண்ணூறுகளில் அமெரிக்க நிறுவனங்கள் சில பாட்டுகளைச் சிங்கிளாக, அதாவது அந்த ஒரு பாட்டுக்கான தனி வட்டாகவோ கேசட்டாகவோ விற்பதை வேண்டுமென்றே நிறுத்தின. ஒரு பாட்டு பிடித்தவர் முழு ஆல்பத்தையும் காசு கொடுத்து வாங்கட்டும் என்ற கணக்கு. ஆனால் கடையில் சிங்கிளாக விற்காத பாட்டுக்கு 1998 டிசம்பர் வரை ஹாட் 100-இல் இடம் கிடையாது. நாட்டலி இம்ப்ரூலியாவின் 'டார்ன்' வானொலிப் பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் இருந்தது. விதி மாறிய பிறகு ஹாட் 100-இல் அதற்குக் கிடைத்த உச்ச இடம் 42. முதல் நாற்பதுக்குள் ஒருமுறை மட்டும் வந்தவர் என்ற அமெரிக்க வழக்க விளக்கத்தை அப்படியே பிடித்துக்கொண்டால், ஊரெல்லாம் பாடிய அந்தப் பாட்டு வெற்றியே இல்லை என்றாகிறது. அதனால் நம் விளக்கத்தில் 'முதல் நாற்பது' என்ற எண் வேண்டாம்.

தமிழ்ப் பாடகர்களுக்கு இதை ஒட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். இங்கே பாட்டு படத்தோடு வருகிறது. இசையமைப்பாளர் கூப்பிட்டால்தான் பாடகருக்கு அடுத்த பாட்டு. மின்மினி என்றதும் எல்லோரும் 1992-இல் வந்த 'சின்னச் சின்ன ஆசை'யைத்தான் சொல்கிறார்கள். ஆனால் 1994-இல் 'சித்திரை நிலவு' பாட்டையும் பாடியவர் அவர்தான், இன்றும் இரவு பஸ்களில் அதைக் கேட்கலாம். அவரை ஒருபாடலார் வரிசையில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், அந்தப் பாட்டுக்கு என்ன பெயர்? ஆங்கிலத்தில் ஆளுக்கும் பாட்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 'தனிப்பாடல்' ஏற்கெனவே காளமேகம் வகைப் பாட்டுகளுக்கு இருக்கிறது, இப்போது படத்தில் சேராத பாட்டுக்கும் அதுவே வழங்குகிறது. அதைத் தொட வேண்டாம். பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்கிறோம் இல்லையா? அதையே எடுத்துக்கொண்டு 'பேர்சொல்லும் பாட்டு' என்று வைக்கலாம். மக்கரீனா, லோஸ் தெல் ரியோவின் பேர்சொல்லும் பாட்டு. இதை யாரும் 'பெயர்ச்சொல்' என்று திருத்திவிட வேண்டாம், இலக்கணப் பாடமாகிவிடும்.

நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்ற நான் எழுதி வைத்திருக்கும் விளக்கம் இது:

ஒருபாடலார்: குறிப்பிட்ட ஒரு நாட்டில் அல்லது பாடல் தரவரிசைப் பட்டியலில், ஒரே ஒரு பாட்டால் பரவலாக அறியப்பட்ட பாடகர் அல்லது குழு. வேறு நாட்டிலோ வேறு துறையிலோ அவர் பெற்ற பெயரை இச்சொல் மறுப்பதில்லை.

இரண்டாவது வாக்கியம் கலைச்சொல் பட்டியலுக்கு நீளம் என்று ஐயா சொல்லக்கூடும். லிண்டா பெர்ரிக்காக அதை விட்டு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுப்போ வேறு சொல்லோ இருந்தால் வெள்ளிக்கிழமை இரவுக்குள் இதே இழையில் எழுதுங்கள். கட்டுரையில் அந்த இடத்தை இன்னும் வெறும் புள்ளிகளாகத்தான் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து